தோசை ஓடாத வண்டி: மோட்டார்ஹோமை மட்டப்படுத்தப் பலகையா, பிளாஸ்டிக் கட்டையா, சாய்தளமா?

கல்லில் ஊற்றிய மாவு வட்டமாக நிற்க மறுத்தது. கரண்டியால் எப்படி இழுத்தாலும் ஓட்டுநர் இருக்கைப் பக்கமாகவே வழிந்து, ஒரு பாதி அடை போலவும் மறுபாதி அப்பளம் போலவும் வெந்தது. அரிசோனாவின் காட்டு முகாம் ஒன்றில், வாடகைக்கு எடுத்த 30 அடி மோட்டார்ஹோமில், அதாவது சமையலறையும் படுக்கையும் குளியலறையும் கொண்ட வீட்டு வண்டியில், எங்களுக்கு அமைந்த முதல் இரவு உணவு அது. வண்டி நின்ற தரை சரிவு. விலை உயர்ந்த வண்டிகளில் பொத்தானை அழுத்தினால் ஹைட்ராலிக் கால்கள் இறங்கி, தாமே மட்டம் பார்த்துக்கொள்ளும். எங்கள் வண்டியில் அந்தச் சொகுசு கிடையாது. படுத்தால் தலை தாழ்ந்து கால் உயர்ந்தது. குளியலறைக் கதவு தானே திறந்துகொண்டு இரவெல்லாம் ஆடியது.

தாழ்ந்து நிற்கும் சக்கரத்தின் அடியில் எதையாவது வைத்து ஏற்றி நிறுத்துவதுதான் எங்களைப் போன்றவர்களுக்கு வழி. அதன்பின் மூன்று பயணங்களில் அதற்கான ஏறக்குறைய எல்லா முறைகளையும் பார்த்துவிட்டேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பின்சக்கரத்துக்கு மரப்பலகை, முன்சக்கரத்துக்குச் சாய்தளம். காரணங்கள் கீழே. ஃபோர்டு இ-450 அடித்தளத்தில் கட்டிய, பின்னால் இரட்டைச் சக்கரம் கொண்ட அமெரிக்க வண்டியை மனத்தில் வைத்தே சொல்கிறேன். ஐரோப்பாவில் ஓடும் சிறிய வண்டிகளுக்குக் கணக்கு வேறு.

எதை வாங்குவது என்பதற்கு முன்னால், எவ்வளவு மட்டம் வேண்டும் என்பதைப் பேசியாக வேண்டும். பலரும் குளிர்பெட்டியைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். பயத்துக்குக் காரணம் உண்டு. எரிவாயுவிலும் ஓடும் பழைய வகை மோட்டார்ஹோம் குளிர்பெட்டிக்குள் மோட்டாரோ பம்போ கிடையாது. சூடுபட்ட அம்மோனியா ஆவியாகி மேலே போய், குளிர்ந்து, தன் எடையிலேயே கீழே இறங்கிவர வேண்டும். 1922இல் ஸ்டாக்ஹோமில் வான் பிளாட்டன், முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் உருவாக்கிய அமைப்பு இது. இன்றும் அடிப்படை மாறவில்லை. வண்டி சாய்ந்து நின்றால் திரவம் குழாயில் தேங்கும், கொதிகலம் அளவுக்கு மீறிக் காயும், துருவைத் தடுக்கக் கலந்திருக்கும் உப்பு கட்டியாகிக் குழாயை அடைக்கும். அடைத்தால் அடைத்ததுதான். ஓடும்போது வண்டி குலுங்கிக்கொண்டே இருப்பதால் இந்தச் சிக்கல் வருவதில்லை. நின்ற பிறகுதான் வருகிறது.

ஆனால் நார்கோல்டு போன்ற குளிர்பெட்டி நிறுவனங்களின் கையேடுகள் தரும் சாய்வு வரம்பு நாம் நினைப்பதைவிடத் தாராளமானது. குளிர்பெட்டியை நேரே நின்று பார்த்தால் இடவலமாக 3 டிகிரி, முன்பின்னாக 6 டிகிரி. இதில் ஒரு திருப்பம் இருக்கிறது. குளிர்பெட்டி பெரும்பாலும் வண்டியின் பக்கச் சுவரில்தான் பொருத்தப்பட்டிருக்கும். எனவே பெட்டியின் இடவலம் என்பது வண்டியின் நீளவாட்டம். பெட்டியின் முன்பின் என்பது வண்டியின் அகலவாட்டம். கையேட்டைப் படித்துவிட்டுத் திசையைக் குழப்பிக்கொண்டவர்களை நானே பார்த்திருக்கிறேன். கம்பிரசர் வைத்த புதிய வகைக் குளிர்பெட்டி என்றால் இந்தக் கவலை ஏறக்குறைய இல்லை.

சக்கர அச்சுகளுக்கு இடையே சுமார் 18 அடி என்று வைத்துக்கொண்டால், நீளவாட்டில் 3 டிகிரி என்பது 11 அங்குலத்துக்கும் மேற்பட்ட சரிவு. குளிர்பெட்டி அதைப் பொறுத்துக்கொள்ளும். மனிதனோ ஒரு டிகிரிக்கே முனகத் தொடங்கிவிடுவான். ஆகவே நாம் மட்டப்படுத்துவது பெரும்பாலும் நம் தூக்கத்துக்காகவும் தோசைக்காகவும்தான். ரசமட்டத்தின் குமிழி நட்டநடுவில் நிற்க வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டால் பாதி வேலை குறைந்துவிடும்.

அளப்பதற்குக் கைப்பேசிச் செயலி முதல் வண்டியில் ஒட்டிவைக்கும் மின்னணுக் கருவிவரை எல்லாம் விற்கிறார்கள். கொத்தனார் வைத்திருக்கும் 2 அடி ரசமட்டத்தை இவற்றால் வெல்ல முடியவில்லை. அதை வண்டித் தரையில் குறுக்கே வைத்து, குமிழி நடுவுக்கு வரும்வரை தாழ்ந்த முனையைத் தூக்கி, அடியில் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் இடையே ஏறத்தாழ 6 அடி. அதனால் மூன்றால் பெருக்க வேண்டும். நீளவாட்டில் 18 அடி. ஒன்பதால் பெருக்க வேண்டும். குறுக்கே அரை அங்குலம் இடைவெளி என்றால் சக்கரத்தை ஒன்றரை அங்குலம் உயர்த்த வேண்டும். அது சரியாக ஒரு பலகைக் கனம்.

இனி பலகை. அமெரிக்க மரக்கடையில் 'இரண்டுக்குப் பத்து' என்று கேட்டு வாங்கும் பலகை உண்மையில் ஒன்றரை அங்குலக் கனமும் ஒன்பதேகால் அங்குல அகலமும்தான் இருக்கும். இழைத்துக் காய்ந்த பிறகான அளவு அது. இ-450 டயரின் அகலம் 225 மில்லிமீட்டர், அதாவது ஒன்பது அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. டயருக்கென்றே அறுத்தது போன்ற பொருத்தம். அடியில் நீளமான பலகை, அதன் மேல் ஓரடி குட்டையான பலகை என்று படிபோல அடுக்கினால் 3 அங்குலம் கிடைக்கும். கடையிலேயே கேட்ட அளவுக்கு அறுத்தும் தருவார்கள்.

பலகையின் உண்மையான பலம் தரையில்தான் தெரியும். முகாம்தளங்களில் சரளைக்கல்லும் மரவேரும்தான் அதிகம். நான்கடிப் பலகை அவற்றின்மேல் படுத்து எடையைப் பரப்பிக்கொள்கிறது. ஈர மண்ணிலும் எளிதில் புதையாது. குறைகளும் உண்டு. ஒரு பலகையே ஐந்தாறு கிலோ இருக்கும். மழையில் நனைந்தால் இன்னும் கனக்கும், சேறு பூசிக்கொள்ளும், பிறகு அதே சேற்றோடு நம் சாமான் அறைக்குள் வந்து உட்காரும். முடிச்சு விழுந்த மலிவுப் பலகை நாரோட்டத்திலேயே பிளக்கும். விமானத்தில் வந்து வண்டியை வாடகைக்கு எடுப்பவர் இதைக் கொண்டுவர முடியாது. வந்து இறங்கிய ஊரில்தான் வாங்க வேண்டும்.

பிளாஸ்டிக் கட்டைகள் குழந்தைகளின் விளையாட்டுக் கட்டைகளைப் போல ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். எட்டரை அங்குலச் சதுரம், ஓர் அங்குல உயரம், பத்துக் கட்டைகள் ஒரு பையில். மூட்டை முழுவதும் ஒரு பலகையைவிடக் கனக்காது. பார்த்ததும் ஆசை வரும். எனக்கும் வந்தது. அதன் ஏமாற்றம் எண்ணிக்கையில் இருக்கிறது. 4 அங்குலம் ஏற, 1, 2, 3, 4 என்று படிகட்ட வேண்டும், கூட்டினால் பத்து. ஆக ஒரு பை என்பது ஒரே ஒரு சக்கரத்துக்கு. பின்னால் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு டயர் இருக்கின்றன, ஒரு பக்கத்துக்கே இருபது. பின்னச்சு முழுவதையும் தூக்க வேண்டும் என்றால் நாற்பது கட்டைகள்! அந்தக் கணக்கைப் பையின்மேல் யாரும் அச்சிடுவதில்லை.

'உள் டயருக்கு மட்டும் வைத்தால் போதாதா?' என்று கேட்கத் தோன்றும். கூடவே கூடாது. இரண்டு டயர் பகிர்ந்துகொள்ள வேண்டிய சுமை ஒன்றின்மேல் வந்து அமரும். அதேபோல டயரின் ஒரு பகுதி கட்டைக்கு வெளியே தொங்கி நிற்பதும் உள்ளிருக்கும் எஃகு இழைகளுக்கு ஆகாது. இவை தவிர, கூர்ங்கல் மேல் வைத்த கட்டை குளிர்காலை ஒன்றில் 'பட்'டென்று விரிசல் விட்டதையும், வழவழப்பான தார்த்தரையில் முதல் கட்டை சக்கரத்தின் அடியிலிருந்து பின்னால் பறந்ததையும் அனுபவித்திருக்கிறேன். நல்லவேளை, பின்னால் யாரும் நிற்கவில்லை. அடியில் ரப்பர் விரிப்பு போட்டால் வழுக்கல் குறையும். மட்டமான கான்கிரீட் தளத்தில், ஓர் அங்குலமோ இரண்டோ ஏற்றுவதற்குப் பிளாஸ்டிக்கைக் குறை சொல்ல மாட்டேன்.

சாய்தளங்களில் இரண்டு சாதிகள். ஐரோப்பியர் விரும்பும் படிவைத்த ஆப்பு ஒன்று. ஃபியாமா நிறுவனத்தின் மூன்று படி வகை பரவலாகத் தெரிந்தது. சக்கரம் சரிவில் ஏறி ஒரு படியில் குழிந்து உட்காரும். அடுக்கும் வேலை இல்லை, ஒரே துண்டு. மற்றொன்று ஆண்டர்சன் வகை வளைவு. இதில் படிகளே இல்லை. மெதுவாக ஏறிக்கொண்டே போய், உள்ளே இருப்பவர் 'போதும்' என்றதும் நிறுத்தி, அடியில் அதற்கான ஆப்பைச் செருகிவிடலாம். அரை அங்குலத்திலிருந்து 4 அங்குலம்வரை எங்கு வேண்டுமானாலும் நிற்கும். அளக்கச் சோம்பல்படுபவர்களுக்கு இதைவிட நல்லது கிடையாது. ஆனால் இது முதன்மையாக, காருக்குப் பின்னால் கட்டி இழுத்துச் செல்லும் வீட்டு வண்டிகளுக்காக வந்தது. இரண்டு சாதிகளுக்கும் இரட்டைச் சக்கரம்தான் பகை: ஒரு டயருக்கு உரிய அகலம்தான் இவற்றுக்கு உண்டு. இ-450இன் மொத்த எடை வரம்பு 14,500 பவுண்டு, ஏறக்குறைய ஆறரை டன். ஒரு ஜோடி எத்தனை டன் தாங்கும் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துவிட்டே வாங்க வேண்டும், 3.5 டன் வண்டிக்கு ஏற்றதை இங்கே வைத்தால் நசுங்கும்.

காற்றுப் பைகளும் இருக்கின்றன. பைமேல் வண்டியை ஏற்றிக் காற்றடிக்க வேண்டும். வழுக்காது, மண்ணிலும் நன்றாகப் படியும். ஆனால் முள்ளுக்கும் கூர்ங்கல்லுக்கும் நாளெல்லாம் அஞ்சிக்கொண்டிருக்க வேண்டும்.

கத்தரி ஜாக்கியைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வண்டியின் மூலைகளில் இருக்கும் அந்த மெல்லிய கால்கள் ஆட்டத்தை நிறுத்துவதற்கு உரியவை, தூக்குவதற்கு அல்ல. அவற்றைத் திருகியே மட்டப்படுத்தப் பார்த்தால் சட்டம் முறுக்கிக்கொண்டு கதவு இறுகும். மட்டப்படுத்தி முடித்த பிறகு, தரையைத் தொட்டு அரைச்சுற்று; அவ்வளவுதான். பக்கவாட்டில் நீளும் அறை இருந்தால் அதையும் மட்டம் பார்த்த பிறகே வெளியே தள்ள வேண்டும்.

இத்தனை சாமானையும் ஒப்பிட்ட பிறகு, காசில்லாத ஒரு வழி இவை எல்லாவற்றையும்விட அதிகம் உதவியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அது மூக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது. சரிவான இடத்தில் வண்டியின் முன்புறம் தாழும்படி நிறுத்தினால் உயர்த்த வேண்டியவை இரண்டு ஒற்றைச் சக்கரங்கள். ஒரு ஜோடி சாய்தளம் போதும். பின்புறம் தாழ்ந்தால் நான்கு டயர்கள். மேலும் கைப்பிரேக்கும் கியரின் 'பார்க்' நிலையும் இந்த வண்டியில் பின்சக்கரங்களைத்தான் பிடிக்கின்றன. அவை தரையிலேயே பதிந்திருப்பது நல்லது. வண்டியைத் திருப்புவதில் ஒரு சங்கடம்: அமெரிக்க வண்டிகளில் மின்சாரம், தண்ணீர், கழிவுக்குழாய் எல்லாம் ஓட்டுநர் பக்கத்தில் இருக்கும், தளத்தின் இணைப்புக் கம்பமும் அதற்கேற்பத்தான் நட்டிருக்கும். திருப்பி நிறுத்தினால் வயரும் குழாயும் வண்டியைச் சுற்றி வர வேண்டும். இணைப்பே இல்லாத காட்டு முகாமில் அந்தத் தொல்லையும் இல்லை.

நீளவாட்டில் 4 அங்குலம் உயர்த்தினாலும் சரியாவது ஏறத்தாழ ஒரு டிகிரிதான். ரசமட்டத்தில் ஒன்றேகால் அங்குல இடைவெளி தெரிந்தால் அங்கே பலகையும் வேண்டாம், சாய்தளமும் வேண்டாம். அது 3 டிகிரி. வேறு இடம் கேளுங்கள். மண்ணைத் தோண்டிச் சக்கரத்தை இறக்கலாமே என்று எங்கள் வீட்டில் ஒருவர் யோசனை சொன்னார். தேசியப் பூங்காக்களில் தரையைத் தோண்டக் கூடாது, அபராதம் விழும்.

ஏறும்போது கீழே ஒருவர் நின்று கைகாட்ட வேண்டும், கண்ணாடியில் தெரியும் இடத்தில். எங்கள் வண்டியில் அது என் மனைவியின் பொறுப்பு. 'வா', 'நில்' என்ற இரண்டு சைகைக்கு மேல் இல்லை என்று முன்பே பேசி வைத்துக்கொண்டோம். அதற்கு முந்தைய பயணத்தில் 'இன்னும் கொஞ்சம்' என்பதற்கு அவர் வைத்திருந்த பொருளும் நான் வைத்திருந்த பொருளும் ஓரடி வேறுபட்டன. ஏறி நின்றதும் தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போட்ட பிறகுதான் இன்ஜினை அணைப்பேன்.

கடைசிப் பயணத்தில் நான்கு பலகையும் ஒரு ஜோடி சாய்தளமும் போதுமானதாக இருந்தன. குமிழி அரைக்கோடு தள்ளித்தான் நின்றது. மாவு நடுவிலேயே நின்றது.