அம்மாவின் பத்து விரலும் ஒரு வங்கிக் கணக்கும்

24 நாள் லீவில் பாம்பன் போய்விட்டு ஷார்ஜா திரும்பி ஒரு வாரம் ஆகிறது. சின்னம்மா மகள் கல்யாணம் நன்றாக நடந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் ரயில் போவதை அம்மாவோடு நின்று பார்த்தேன். நண்டும் கணவாயும் வயிறு நிறையச் சாப்பிட்டேன். அதையெல்லாம் எழுதத்தான் நினைத்தேன், ஆனால் மனசு இன்னும் அந்த வங்கிக் கவுண்டரை விட்டு நகரவில்லை.

மாதாமாதம் இங்கே எக்ஸ்சேஞ்சில் பணம் கட்டினால் அம்மா கணக்கில் அன்றைக்கே ஏறிவிடும். பதினோரு வருடமாக இதுதான் வழக்கம். ஜூலையிலும் ஏறியது, ஆனால் எடுக்க முடியவில்லை. கே.ஒய்.சி., அதாவது வங்கியில் கொடுத்த அடையாள, முகவரி விவரம், புதுப்பிக்காததால் கணக்கை முடக்கி வைத்திருக்கிறார்கள். அம்மா போனில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பக்கத்து வீட்டு மதினியிடம் கைமாத்து வாங்கிச் சமாளித்திருக்கிறாள். "நீதான் வரப்போறியே, வந்து பாத்துக்குவன்னு விட்டுட்டேன்த்தா" என்றாள்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கே போய் உட்கார்ந்தோம். அம்மா இருபது வருடத்துக்கு மேலாகக் கணக்கு வைத்திருக்கும் கிளை அது. சின்ன வயதில் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நானும் போயிருக்கிறேன். அப்போது பணம் எடுக்கப் போனால் பித்தளை டோக்கன் கொடுப்பார்கள். அதை என் கையில் கொடுத்து "தொலைச்சிராத" என்பாள். நூல் கட்டிய பேனா, சலான் கட்டு, பாஸ்புக்கில் கையால் வரவு எழுதித் தரும் கிளார்க் சார் எல்லாம் உங்களுக்கும் நினைவிருக்கும். அந்த சார், கடல்பாசி எடுக்கும் அம்மாவைப் பார்த்ததும் "என்னம்மா, இந்த வாட்டி பாசி நல்லா கிடைச்சுதா?" என்று கேட்பார்.

இப்போது அந்த இடத்தில் ஒரு தம்பி உட்கார்ந்திருந்தார். மரியாதையான பிள்ளைதான். ஆதாரை வாங்கி எண்ணைத் தட்டிவிட்டு, சிவப்பு விளக்கு எரியும் சின்னக் கருவியை அம்மா பக்கம் தள்ளினார். "விரலை வைங்கம்மா."

அம்மா வலது கட்டை விரலை வைத்தாள். பொருந்தவில்லை. "கொஞ்சம் அழுத்தி வைங்கம்மா." பொருந்தவில்லை. ஆள்காட்டி விரல், அதுவும் இல்லை. ஈரத் துணி கொடுத்துத் துடைக்கச் சொன்னார். பின்னால் வரிசையில் நின்ற ஒரு அண்ணன், "தலையில எண்ணெய் இருக்கும்ல, அதுல தேச்சுட்டு வைங்க, ஏறிரும்" என்றார். அம்மா வகிடில் விரலைத் தேய்த்துவிட்டு மறுபடி வைத்தாள். அப்புறம் இடது கை. பத்து விரலும் முடிந்தது. ஒவ்வொரு தடவையும் கருவி ஒரு சத்தம் போடும், அந்தத் தம்பி தலையை ஆட்டுவார், அம்மா அடுத்த விரலை நீட்டுவாள். கடைசியில் இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "இந்தக் கையில என்ன இல்லையாம்?"

அம்மாவின் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதின்மூன்று வயதில் பாசி எடுக்க இறங்கியவள். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றியுள்ள பாறையில் மரிக்கொழுந்துப் பாசி ஒட்டிக்கொண்டிருக்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கி, விரலால் பிய்த்தெடுக்க வேண்டும். பாறை அறுக்காமல் இருக்க விரலுக்குத் துணிச்சுற்று, கண்ணுக்குக் கண்ணாடி, காலுக்குச் செருப்பு, இடுப்பில் பை. எடுக்கிற பெண்கள் தங்களுக்குள் பேசி, மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது என்று கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். அந்த 12 நாளும் விடியற்காலையிலிருந்து உப்புத் தண்ணீருக்குள்தான் கை கிடக்கும். துணி நைந்து போகும், தோல் நைந்து போகும். கிட்டத்தட்ட ஐம்பது வருடம் அப்படிக் கிடந்த விரலில் ரேகை எங்கிருந்து வரும்? அந்தக் கை பாசி எடுத்துக் கட்டிய பீஸில்தான் நான் நர்ஸிங் படித்தேன்.

நர்ஸ் என்பதால் எனக்கு இது புதிதும் இல்லை. புற்றுநோய்க்குக் கேபசிடபின் மாத்திரை சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு விரல் ரேகை மறைந்துவிடும். சிமெண்ட் வேலை பார்ப்பவர்களுக்கும், பாத்திரம் தேய்ப்பவர்களுக்கும், வயதானவர்களுக்கும் இதே சிக்கல்தான். அதனால்தான் ஆதாரிலேயே கருவிழிக்கும் முகத்துக்கும் வழி வைத்திருக்கிறார்கள். நம்ம ரேஷன் கடையில்கூட விரல் விழவில்லை என்றால் கருவிழியைப் பார்த்து அரிசி போடுகிறார்கள். அரிசி போட முடிகிற இடத்தில், அவள் பணத்தை அவளுக்குத் தர ஏன் முடியவில்லை?

"சிஸ்டம் எடுக்கல மேடம். ஆதார் மையத்துல போயி ரேகையைப் புதுப்பிச்சுட்டு வாங்க" என்றார் அந்தத் தம்பி. நானும் அம்மாவை இழுத்துக்கொண்டு ராமநாதபுரம் போனேன். பாலம் தாண்டி, மண்டபம், உச்சிப்புளி என்று பஸ்ஸில் போக வர ஒரு நாள் போனது. அங்கே வரிசையில் நின்று, மறுபடி பத்து விரலையும் வைத்து, கருவிழியும் எடுத்தார்கள். ரசீதைக் கையில் கொடுத்து 90 நாள் வரை ஆகலாம் என்றார்கள். எனக்கு மிச்சமிருந்தது 19 நாள்.

வந்தது வந்தோம் என்று அங்கேயே ஒரு தனியார் வங்கிக்கும் போனோம். ஏசி, கண்ணாடிக் கதவு, தண்ணீர் பாட்டில், "உட்காருங்க ஆன்ட்டி". டேப்லெட்டில் ஐந்து நிமிடத்தில் கணக்கு என்றார்கள். அந்த டேப்லெட்டோடும் அதே சிவப்பு விளக்குக் கருவிதான் வந்தது. அம்மா அதைப் பார்த்ததும் கையை மடிக்குள் வைத்துக்கொண்டாள். கூடவே கணக்கில் எப்போதும் பத்தாயிரம் இருக்க வேண்டுமாம். எழுந்து வந்துவிட்டோம்.

துபாய் விமான நிலையத்தில் என் முகத்தைப் பார்த்தே கதவு திறக்கிறது. பாஸ்போர்ட்டைக்கூட வெளியே எடுப்பதில்லை. ஊரில் என் அம்மா ஆளாக எதிரில் நிற்கிறாள், இருபது வருடமாக அவளைத் தெரிந்த கிளை, பாஸ்புக்கில் அவள் போட்டோ ஒட்டியிருக்கிறது, அப்படியும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். "நான்தான் நேர்ல நிக்கிறேனேய்யா" என்று அவள் சொன்னதற்கு அந்தத் தம்பியிடம் பதில் இல்லை.

அதற்காக வளைகுடா வங்கிகள் எல்லாம் தங்கம் என்று சொல்ல வரவில்லை. இங்கே கணக்கில் 3,000 திர்ஹாம் இல்லாவிட்டால் மாதம் 25 திர்ஹாம் எடுக்கும் வங்கிகள் உண்டு. வேலை போன மாதத்திலும் அந்த மெசேஜ் தவறாமல் வரும். நம்ம ஊரில் ஸ்டேட் வங்கி 2020-லேயே மினிமம் பேலன்ஸ் அபராதத்தை நிறுத்தியது. கனரா வங்கி 2025 ஜூனில், இந்தியன் வங்கி ஜூலையில் நிறுத்தின. அந்த விஷயத்தில் நம்ம ஊர் அரசு வங்கிகள் எவ்வளவோ மேல்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. ரிசர்வ் வங்கி விதிகளை எடுத்துப் படித்தேன். படிக்கப் படிக்கத்தான் கோபம் கூடியது. முகவரி, விவரம் எதுவும் மாறவில்லை என்றால் கே.ஒய்.சி. புதுப்பிக்க, மாறவில்லை என்று தானே எழுதிக் கொடுத்தால் போதும். அம்மா மாதிரி ஆபத்துக் குறைவான கணக்கு என்றால் பத்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பித்தால் சரி. அதிலும் 2025 ஜூன் 12-ஆம் தேதி உத்தரவுப்படி, அப்படிப்பட்ட கணக்குகளில் கெடு தாண்டிய பிறகும் ஒரு வருடம், அல்லது 2026 ஜூன் 30 வரை, இதில் எது பிந்தியதோ அதுவரை பணம் எடுக்க விட வேண்டும். கவுண்டரில் இதை ஒருவரும் சொல்லவில்லை. வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் அம்மா மாதிரி ஆட்கள்தான்.

மறுநாள் ஒரு வெள்ளைத்தாளில் விண்ணப்பம் எழுதி, அம்மா கையெழுத்துப் போட்டு, அதே கிளையில் கொடுத்து, நகலில் சீல் வைத்து வாங்கினேன். சீல் வைக்கத் தயங்கினார்கள். 30 நாளில் பதில் இல்லை என்றால் வங்கிப் புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனுக்கு எழுதுவேன் என்று சொன்ன பிறகுதான் வைத்தார்கள். ஊருக்குப் போகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள். எதைக் கொடுத்தாலும் நகலில் சீல் வாங்குங்கள். குறைதீர்ப்புக்கான எண் 14448.

அதற்குள் வீட்டுச் செலவுக்கு வழி வேண்டுமே. மண்டபத்தில் வேறொரு வங்கியின் சின்னக் கிளை இருக்கிறது, அங்கே போய்ப் பார் என்று சின்னம்மா சொன்னார். நம்பிக்கை இல்லாமல்தான் போனேன். மின்விசிறி கடகடவென்று சுற்றும் பழைய கட்டடம், நான்கே நாற்காலி. உள்ளே ஒரு அக்கா, ஆபீசர். சொன்னதைக் கேட்டுவிட்டு அம்மாவின் கையை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"பாசிக்குப் போவீங்களாம்மா?"

"ஆமாத்தா. இப்ப மூணு வருசமாப் போகல."

"அப்ப விரலை விடுங்க. வேற அட்டை என்ன வச்சிருக்கீங்க?"

அம்மா பையிலிருந்த பிளாஸ்டிக் கவரைக் கொட்டினாள். வாக்காளர் அட்டை, நூறு நாள் வேலை அட்டை, ரேஷன் கார்டு. இதில் வாக்காளர் அட்டையும், நூறு நாள் வேலை அட்டையும் வங்கிக் கணக்குக்கு முறையான ஆவணங்கள் என்பது எனக்கே அன்றுதான் தெரியும். பான் அட்டை இல்லாததால் அதற்குப் பதிலாகப் படிவம் 60. அம்மா பெயரில் மினிமம் பேலன்ஸ் தேவைப்படாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு. மாதம் நான்கு முறை இலவசமாகப் பணம் எடுக்கலாம். அம்மா இரண்டு முறைக்கு மேல் எடுப்பதே இல்லை.

"கைநாட்டா, கையெழுத்தாம்மா?" என்று கேட்டார். அம்மா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "கையெழுத்துதான்" என்றாள். அறிவொளி வகுப்பில் கற்றுக்கொண்ட கையெழுத்து. ஒவ்வொரு எழுத்தாக, கோட்டை விட்டு விலகாமல், ஒரு எழுத்து முடிந்ததும் பேனாவைத் தூக்கி மூச்சுவிட்டு, அப்புறம் அடுத்த எழுத்து. கடைசிப் புள்ளியை அழுத்தி வைப்பாள். மூன்று இடத்தில் போட வேண்டியிருந்தது. பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். அந்த அக்கா ஒரு தடவைகூட "சீக்கிரம்மா" என்று சொல்லவில்லை. நாமினி பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டார். நான்காம் நாள் பாஸ்புக் கைக்கு வந்தது.

என் கணக்குகளில் பிரச்சினை எதுவும் இல்லை. வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான இரண்டு வகைக் கணக்கும் வைத்திருக்கிறேன்: இங்கிருந்து அனுப்புவதற்கு என்.ஆர்.இ., ஊரில் வரும் வாடகைக்கு என்.ஆர்.ஓ. வெளிநாட்டில் வேலைக்குப் போன பிறகும் பழைய சாதா சேமிப்புக் கணக்கையே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் அதை என்.ஆர்.ஓ. ஆக மாற்றிவிடுங்கள், சட்டம் அப்படித்தான். என்.ஆர்.இ. வட்டிக்கு அங்கே வரி கிடையாது, என்.ஆர்.ஓ. வட்டியில் 30 சதவீத வரியும், அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் பிடிப்பார்கள். ஒரு வங்கியில் ஒருவர் பெயரில் 5 லட்சம் வரைதான் டெபாசிட்டுக்குக் காப்பீடு, ஆகவே மொத்தத்தையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு எந்த வங்கி என்று நண்பர்கள் கேட்கும்போது இதுவரை வட்டி எவ்வளவு, ஆப் எப்படி என்றுதான் சொல்லி வந்தேன். இனிமேல் அப்படிச் சொல்ல மாட்டேன். அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு அந்தக் கிளைக்கே போங்கள். நீங்கள் பேசாதீர்கள், அவர்கள் பேசட்டும். கவுண்டரில் இருப்பவர் உங்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்கிறாரா, அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்கிறாரா என்று பாருங்கள். நாம் விமானம் ஏறிய பிறகு அங்கே போய் நிற்கப் போவது அவர்கள்தான். வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போய்விட முடிகிறதா என்றும் பாருங்கள். 70 வயது தாண்டியவர் என்றால் வீட்டுக்கே வந்து பணம் கொடுக்கும் வசதி உண்டா என்று கேளுங்கள். 2017-லேயே ரிசர்வ் வங்கி அதைச் செய்யச் சொல்லியிருக்கிறது. அம்மாவுக்கு இன்னும் ஏழு வருடம் இருக்கிறது.

பழைய கணக்கு, சீல் வாங்கிய ஆறாம் நாள் திறந்துவிட்டது. மன்னிப்பும் இல்லை, விளக்கமும் இல்லை, போனில் ஒரு மெசேஜ் மட்டும் வந்தது. அம்மா போய் மொத்தப் பணத்தையும் எடுத்து, மதினி கடனை அடைத்துவிட்டு, மிச்சத்தை மண்டபத்தில் போட்டாள். பழைய கணக்கை மூடிவிடச் சொன்னேன், கேட்கவில்லை. "இருக்கட்டும்த்தா, உங்கப்பா கூட்டிப்போயி ஆரம்பிச்ச கணக்கு" என்றாள். அதற்கு மேல் நான் பேசவில்லை.

நான் கிளம்புவதற்கு முதல் நாள் அம்மா தனியாகவே பஸ் ஏறி மண்டபம் போனாள். 1,500 ரூபாய் எடுத்துக்கொண்டு, வரும் வழியில் எனக்குக் கட்டிக்கொடுக்கக் கருவாடும் வாங்கி வந்தாள். பாஸ்புக்கை விரித்து அந்த வரியைக் காட்டினாள். ஆதார் மையத்தில் கொடுத்த ரசீதை அதே கவருக்குள் பத்திரமாக வைத்திருக்கிறாள். 90 நாள் முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.