சீல் பிரீமியமா, பெர்ஃபார்மன்ஸா? இரண்டையும் மதுரையில் ஓட்டிய அனுபவம்

மின்சாரக் கார் வாங்கலாமா வேண்டாமா என்று இப்போது யாரும் என்னிடம் கேட்பதில்லை. "சீல்தான்னு முடிவு பண்ணிட்டேன். பிரீமியம் எடுக்கவா, பெர்ஃபார்மன்ஸ் எடுக்கவா?" என்றுதான் கேட்கிறார்கள். சீல் என்பது சீன நிறுவனமான பி.ஒய்.டி.யின் மின்சாரக் கார். என்னிடம் இருப்பது அதில் பிரீமியம் வகை. என் மனைவியின் அண்ணன் வைத்திருப்பது பெர்ஃபார்மன்ஸ். இரண்டு வீடும் மதுரைக்குள்ளேயே இருப்பதால் அடிக்கடி சாவியை மாற்றிக்கொள்வோம். அதனால் இரண்டு வண்டியையும் ஒரே ரோட்டில், ஒரே வெயிலில், ஒரே மாமியாரைப் பின்சீட்டில் உட்காரவைத்து ஓட்டியவன் என்ற தகுதியில் எழுதுகிறேன்.

2024 மார்ச்சில் சீல் இந்தியாவில் அறிமுகமானபோது பிரீமியம் 45.55 லட்சம், பெர்ஃபார்மன்ஸ் 53 லட்சம். இரண்டுமே ஷோரூம் விலை. பேட்டரி இரண்டுக்கும் ஒன்றுதான், 82.56 யூனிட் பிடிக்கும். பிரீமியத்தில் பின்பக்கம் ஒரே மோட்டார், 313 குதிரைத்திறன். நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொட 5.9 விநாடி. பெர்ஃபார்மன்ஸில் முன்பக்கமும் ஒரு மோட்டார் உண்டு. மொத்தம் 530 குதிரைத்திறன், 3.8 விநாடி. நிறுவனம் சொல்லும் தூரம் பிரீமியத்துக்கு 650 கி.மீ., மற்றதற்கு 580. இவை என்.இ.டி.சி. என்ற பழைய சோதனை முறையில் வந்த எண்கள். நான்குவழிச் சாலையில் நூறில் போகிறவர் இதை அப்படியே நம்பிக் கிளம்ப வேண்டாம். ஏசி போட்டு, குடும்பத்தோடு போனால் என் வண்டி யூனிட்டுக்கு ஆறு கி.மீ.யை ஒட்டித் தருகிறது. மச்சான் வண்டி ஐந்தைக் கொஞ்சம் தாண்டும். அதில் பாதிக் காரணம் அவர் கால்.

சரி, அந்த 3.8 விநாடியை என்ன செய்வது? கப்பலூர் டோல்கேட்டைத் தாண்டி ரோடு காலியாக இருந்தால் மச்சானுக்குக் கை பரபரக்கும். அழுத்தினால் சத்தமே இல்லாமல் பின்மண்டை சீட்டில் போய் ஒட்டிக்கொள்ளும், வயிறு மட்டும் டோல்கேட்டிலேயே நின்றுவிடும். பின்னால் இருக்கும் பிள்ளைகள் முதல் தடவை கத்தினார்கள், இரண்டாவது தடவை கைதட்டினார்கள். அதற்கடுத்த தடவை சின்னவன் "மாமா, வாந்தி வருது" என்றான். என் மாமியார் வாயே திறக்கவில்லை. சுக்குக் காபி பிளாஸ்கை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார், அவ்வளவுதான். திரும்பும்போது கேட்காமலேயே என் வண்டியில் வந்து ஏறினார்.

"நீ வண்டிய ஓட்டுறியா, தாலாட்டுப் பாடுறியா மாப்ள?" என்று மச்சான் என்னைக் கிண்டலடிப்பார். ஆனால் பிரீமியத்தின் 5.9 விநாடியும் லேசுப்பட்டதல்ல. உசிலம்பட்டி வழியாகத் தேனிக்குப் போகும்போது முன்னால் கரும்பு லாரி போனால், அதைத் தாண்ட அதில் பாதி வேகமே போதும். நான் பெரும்பாலும் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் ஈகோ மோடில்தான் இருக்கிறேன், ஓவர்டேக் செய்யும்போதுகூட அதை மாற்றத் தோன்றியதில்லை.

இங்கே ஒரு வாதம் வரும். "பெர்ஃபார்மன்ஸ் வாங்கி ஈகோவில் போட்டுக்கொண்டால் அதுவே பிரீமியம்தானே, வேண்டும்போது சக்தி இருக்குமே?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஈகோ மோடு பெடலின் வேகத்தைக் குறைக்கும். முன்னால் இருக்கும் மோட்டாரைக் கழற்றி வைக்காது. பிரீமியத்தின் எடை 2,055 கிலோ, பெர்ஃபார்மன்ஸின் எடை 2,185. அந்த 130 கிலோ எந்த மோடிலும் கூடவே வரும். இன்னொரு பக்கம், நியாயமாகச் சொல்வதென்றால், முன் மோட்டார் நிரந்தரக் காந்தம் இல்லாத இண்டக்‌ஷன் வகை. வேலை இல்லாதபோது பெரிய இழுவை இல்லாமல் சும்மா சுழலும். குதிரைத்திறன் எழுபது சதவீதம் அளவுக்குக் கூடியும் தூரம் பத்தில் ஒரு பங்கு போலத்தான் குறைவது இதனால்தான்.

எடை கூடினால் மலையில் தவிக்கும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம். நான்கு பேரோடு என் வண்டி 2,350 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் பதினொன்றரை யூனிட் வேண்டும், அதாவது பேட்டரியில் 14 சதவீதம். ரோட்டின் தூரத்துக்கான செலவு தனி. மச்சான் வண்டியின் கூடுதல் 130 கிலோவைத் தூக்க ஆவது ஒரு யூனிட்டுக்கும் குறைவு. ஆகவே கொடைக்கானல் ஏறுவதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி நல்ல பங்கைத் திருப்பித் தந்துவிடும். மேலே விடுதியில் இரவு முழுக்கச் சார்ஜ் போட்டு 100 சதவீதத்தோடு மட்டும் கிளம்பாதீர்கள். நிறைந்த பேட்டரியில் திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடமிருக்காது. மச்சான் ஒருமுறை அப்படி இறங்கி, முதல் கொண்டைஊசி வளைவுகள் முழுக்கப் பிரேக்கில் கால் வைத்தபடியே வந்தார். எண்பது, எண்பத்தைந்தில் நிறுத்திக்கொண்டால் போதும்.

மலையில் பெர்ஃபார்மன்ஸுக்கு ஒரு இடத்தில் முழு மார்க் போடுவேன். மழை பெய்து, இலை ஊறிக் கிடக்கும் வளைவில் ஏற்றத்தில் அழுத்தினால் என் வண்டியின் பின்சக்கரம் ஒரு கணம் பிடி தேடும், டேஷ்போர்டில் விளக்கு மினுங்கும், அப்புறம் போகும். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டிக்கு அந்த யோசனையே இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் மலைப்பாதையில் தொழில் நிமித்தமாகப் போய்வருகிறவராக இருந்தால், என் பேச்சைக் கேட்காமல் அதையே எடுங்கள்.

வருடக்கணக்கில் ஓட்டிய பிறகு வித்தியாசம் உண்மையில் தெரிவது தூரத்தில்தான். திருச்செந்தூர் போய்வர 360 கி.மீ. பக்கம். நான் காலையில் கிளம்பி, சாமி கும்பிட்டு, எங்கும் சார்ஜ் போடாமல் வீட்டுக்கு வந்துவிடுவேன். மச்சானும் கணக்குப்படி வந்துவிடலாம். ஆனால் கையிருப்பு கொஞ்சமாக இருக்கும், மனசு கேட்காது. தூத்துக்குடிப் பக்கம் நிறுத்திக் கொஞ்சம் சார்ஜ் போட்டுக்கொள்வார். வழியில் இருக்கும் சார்ஜர்களின் யோக்கியதை தெரிந்தவர்களுக்கு அந்தப் பயம் புரியும். ஆப்பில் பச்சையாகக் காட்டும், போய்ப் பார்த்தால் துணி போட்டு மூடியிருக்கும், காவலாளி "நேத்துல இருந்து ஓடல சார்" என்பார். சீல் 150 கிலோவாட் வரை வாங்கும். ஆனால் வழியில் 60 கிலோவாட் சார்ஜர்தான் கிடைக்கிறது என்றால், பாதிப் பேட்டரி ஏற முக்கால் மணி நேரம் போல ஆகும். சென்னைக்கு 460 கி.மீ. ஒரு நிறுத்தம் எங்கள் இருவருக்குமே வேண்டும். அவருடையது கொஞ்சம் நீண்டது. குடும்பமாகப் போனால் எப்படியும் திருச்சியில் சாப்பிட இறங்கத்தானே போகிறோம்!

இனி ரோடு. தரையிலிருந்து வண்டியின் அடி 145 மி.மீ. உயரம்தான், இரண்டுக்கும். நத்தம் ரோட்டில் 7.3 கி.மீ. பறக்கும் பாலத்தில் போனால் பால இணைப்புகள் 'டப், டப்' என்று கேட்கும், உடம்பில் அவ்வளவாகத் தெரியாது. பாலம் முடிந்து கிராமத்து ரோட்டில் இறங்கினால் வேறு உலகம். ஊர்க்காரர்கள் அவர்களாகவே போட்ட வேகத்தடைகளுக்கு அளவும் கிடையாது, வெள்ளைக் கோடும் கிடையாது. ஐந்து பேர் ஏறியிருந்தால் வண்டியைக் கோணலாகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்க வேண்டும். இதில் பிரீமியம் எடுத்ததால் எனக்கு எந்தச் சலுகையும் கிடைக்கவில்லை. டயரும் இரண்டிலும் ஒரே அளவு, 235/45 ஆர்19. சொகுசு கூட வேண்டுமென்றால் கதவோரச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் காற்றழுத்த அளவைப் பார்த்து, காலையில் டயர் சூடாவதற்கு முன் காற்றைச் சரிபாருங்கள். பெட்ரோல் பங்க்கில் "பெரிய வண்டி சார்" என்று கை கூடவே அடித்துவிடுவார்கள்.

வெயில் இரண்டுக்கும் பொது. கூரை முழுக்கக் கண்ணாடி. சித்திரை மாதத்தில் மதுரையில் வண்டியை வெளியே நிறுத்துகிறவர்கள் முதல் வாரமே ஒரு வலைத்திரை வாங்கிப் பொருத்திவிடுங்கள். சீட்டுக்குள்ளிருந்து காற்று வரும் வசதியை நான் முதலில் பகட்டு என்றுதான் நினைத்தேன். மேலமாசி வீதி நெரிசலில் முதுகு நனையாமல் உட்கார்ந்த பிறகு அந்த வார்த்தையை விட்டுவிட்டேன்.

என்னைக் கேட்டால், பின்சீட்டில் ஆள் வைத்து ஓட்டுகிறவருக்குப் பிரீமியம். மிச்சமாகும் 7.45 லட்சத்தில் வீட்டு மாடிக்குச் சோலார் போட்டு, நல்ல சார்ஜரும் பொருத்திவிடலாம். தனியாக ஓட்டுகிறவர், அழுத்தினால் வரும் அந்த ஒரு நொடிக்காகவே வண்டி வாங்குகிறவர் என்றால் பெர்ஃபார்மன்ஸ், அதற்குக் காரணம் சொல்லிக்கொண்டிருக்கவும் வேண்டாம். டயர் சீக்கிரம் தேயும், இன்சூரன்ஸ் கூடும் என்பதை மட்டும் முன்கூட்டியே கணக்கில் வையுங்கள். டெஸ்ட் டிரைவில் பாதி நேரம் ஓட்டுநர் சீட்டை விட்டு இறங்கிப் பின்னால் உட்காருங்கள், முடிந்தால் வீட்டுப் பெரியவர் ஒருவரையும் கூட்டிப் போங்கள்.

இன்னொன்று. அறிமுக விலை 41 லட்சத்துக்கு வந்த, சீலின் மூன்றாவது வகையான டைனமிக்கை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பேட்டரி 61.44 யூனிட்தான், சென்னைக்கு அடிக்கடி போகிறவருக்கு ஆகாது. ஆனால் அதன் டயர் 225/50 ஆர்18, பக்கச்சுவர் மற்ற இரண்டையும்விட ஆறேழு மி.மீ. கூடுதல். குண்டும் குழியுமான ரோட்டில் அந்த ரப்பர்தான் மெத்தை. மாட்டுத்தாவணிக்கும் திருப்பரங்குன்றத்துக்கும் நடுவிலேயே வண்டி ஓடப்போகிறது என்றால் மூன்றில் அதையும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்.