பூந்திக்கொட்டை, சீயக்காய், அரப்பு: எதற்கு எது?

நாட்டு மருந்துக்கடையில் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும். "தலைக்கு எது நல்லது?" என்று கேட்டால் கடைக்காரர் மூன்றையுமே எடுத்து முன்னால் வைத்துவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. மூன்றிலும் அழுக்கெடுக்கிற சரக்கு ஒரே வகைதான்: சபோனின்.

சபோனின் மூலக்கூறு இரண்டு குணம் கொண்டது. ஒரு பக்கம் 30 கார்பன் அணுக்கள் கொண்ட வளையக் கூடு. அது எண்ணெயோடு ஒட்டும். மறுபக்கம் சர்க்கரைச் சங்கிலி. அது தண்ணீரோடு போகும். எண்ணெய்ப் பிசுக்கை ஒரு கையால் பிடித்து, மறுகையால் தண்ணீரிடம் ஒப்படைத்துவிடும். சோப்பும் இதைத்தான் செய்கிறது. ஆனால் சோப்பு காரம்; பிஎச் 9, 10 வரை போகும். போர்த் தண்ணீரில் இருக்கும் கால்சியத்தோடு சேர்ந்து வெள்ளை வெள்ளையாகத் திரிந்து முடியில் படியும். சபோனின் அப்படித் திரிவதில்லை. உப்புத் தண்ணீர் வரும் வீட்டில் ஒரு வாரம் சோப்பு, ஒரு வாரம் சீயக்காய் என்று தலைக்குப் போட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

சரி, நுரையில் யார் பெரியவர்? பூந்திக்கொட்டைதான், சந்தேகமே இல்லை. கொட்டை என்று பெயர் இருந்தாலும் உள்ளே இருக்கும் கறுப்பு விதையை நம்பிப் பயனில்லை. சரக்கெல்லாம் சதையும் தோலும் சேர்ந்த மேல் ஓட்டில். நாலைந்து காயை விதை நீக்கி இரவு ஊறவைத்து, காலையில் பிசைந்தால் பாத்திரம் வழியும். தாவரவியலில் இதற்கு சபிண்டஸ் என்று பெயர். 'இந்தியச் சோப்பு' என்று பொருள்படும் லத்தீன் சொற்களிலிருந்து வந்தது. தமிழ்நாட்டில் கிடைப்பது பெரும்பாலும் சபிண்டஸ் டிரைஃபோலியேட்டஸ்; இமயமலை அடிவாரத்து மரம் வேறு இனம், சபிண்டஸ் முக்குரோசி.

இவ்வளவு நுரை வருகிறதே என்று இதையே நேராகத் தலைக்குப் போட்டுப் பார்த்தேன். எண்ணெய் போனது உண்மைதான். கூடவே முடி நார்போலவும் ஆனது. பட்டுப்புடவைக்கும் தங்க நகைக்கும் இதை மிஞ்ச ஆளில்லை. பட்டு ஒரு புரத இழை, காரம் பட்டால் அதன் மினுமினுப்பு போய்விடும். பூந்திக்கொட்டைத் தண்ணீரோ லேசான அமிலத்தன்மை உடையது. நகைக்கு அரை மணி ஊறவைத்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். முத்து, கல் ஒட்டிய நகைகளை மட்டும் ஊறப்போடாதீர்கள்.

சீயக்காய் நுரையில் சுமார் ரகம். ஷாம்பூவுக்குப் பழகிய கைக்கு "ஒன்றுமே வரவில்லையே" என்றுதான் தோன்றும். நுரை என்பது காற்றுக்குமிழி, அவ்வளவுதான். அது குறைந்ததால் அழுக்கு போகாது என்று ஆகிவிடாது. எண்ணெய்க் குளியலுக்கு நான் சீயக்காய்க் கட்சி. நல்லெண்ணெயை எடுக்க வேண்டிய அளவுக்கு எடுத்து, கொஞ்சத்தை முடியிலேயே விட்டுவைக்கும் பதம் அதில் இருக்கிறது. இதுவும் லேசான அமிலத்தன்மை உள்ளது என்பதால் முடியின் மேல் செதில்கள் படிந்தே இருக்கும், சிக்கு குறைவு. மில்லில் அரைக்கும்போது வெந்தயமும் பச்சைப்பயறும் சேர்ப்பது வெறும் சடங்கில்லை; வெந்தயம் வழுவழுப்பைத் தருகிறது, பயற்றுமாவு பிசுக்கை உறிஞ்சுகிறது. வடித்த கஞ்சியில் குழைத்தால் தலையில் நிற்கும். குறையும் உண்டு: நறநறவென்று தூள் தலையில் தங்கும். நன்றாகச் சலித்தாலும் இரண்டு மூன்று முறை அலசத்தான் வேண்டும்.

அரப்பு, உசிலை மரத்தின் காய்ந்த இலையை அரைத்த தூள். உசிலம்பட்டிக்கே அந்த மரத்தால்தான் பெயர் வந்தது என்பார்கள். தண்ணீர் விட்டால் கொழகொழப்பாகும், நுரை பெயருக்குத்தான். எண்ணெய் நிறைய வைத்த தலைக்கு ஒரு முறை போதாது. ஆனால் வறண்ட முடிக்காரர்களுக்கு மூன்றில் மென்மையானது இதுதான் என்பேன். விவசாயிகளிடம் இதற்கு இன்னொரு வேலையும் உண்டு: அரப்பு இலையை மோரில் புளிக்கவைத்துப் பயிருக்குத் தெளிக்கிறார்கள்.

ஷாம்பூவை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. அவசரத்துக்கு அதுதான், மறுக்கவில்லை. வெறும் அழுக்கெடுக்கும் வேகத்தில் மூன்றும் அதனிடம் தோற்கும். சேமிப்பிலும் அப்படியே. பூந்திக்கொட்டைத் தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றி வெளியே வைத்துவிட்டு நாலாம் நாள் திறந்தேன், புளித்த வாடை. கிருமிகளுக்கு அதில் நல்ல தீனி. வேண்டியதை மட்டும் அன்றன்றைக்கு ஊறப்போடுவதே வழி.

இன்னொன்று. மூன்றின் மிச்சத்தையும் மீன் தொட்டியிலோ குளத்திலோ கொட்டாதீர்கள். சபோனின் உயிரணுச் சவ்வில் இருக்கும் கொலஸ்ட்ராலோடு பிணைந்து ஓட்டை போடும். செவுள் வழியாக உள்ளே போனால் மீன் பிழைக்காது. இதே குணத்துக்காகத்தான் இறால் பண்ணைகளில் தேயிலை விதைப் பிண்ணாக்கைப் போட்டு, வேண்டாத மீன்களை மட்டும் கொல்கிறார்கள். அந்த அளவை இறால் தாங்கிக்கொள்ளும். நமக்குத் தோலில் பட்டால் பெரிதாக ஒன்றும் இல்லை. கண்ணில் பட்டால் மூன்றும் எரியும், அதிலும் முதலிடம் பூந்திக்கொட்டைக்கே.