மனிதரை அனுப்புவதா, ரேடாரை அனுப்புவதா?

பல்கலைக்கழக இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு என் முன்னால் இரண்டு தலைப்புகள் இருந்தன. ஒன்று, விண்கலத்துக்குள் வீரர்கள் விடும் மூச்சிலிருந்து கரியமில வாயுவைப் பிரிப்பது. இன்னொன்று, ரேடார் செயற்கைக்கோள் படங்களில் கடலில் மிதக்கும் எண்ணெயைக் கண்டுபிடிப்பது. இரண்டாவதை எடுத்தேன். தம்பிக்கு வருத்தம். 2025இல் இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் போனதிலிருந்து அவனுக்கு அதே பேச்சுதான்.

செலவைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஆளில்லாமல் நிலவுக்குப் போன இந்தியாவின் சந்திரயான்-3க்கு ஏறக்குறைய 615 கோடி ரூபாய், மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் இந்தியாவின் ககன்யான் திட்டத்துக்கு ஒப்புதலான தொகை 20,193 கோடி. நான் பார்த்தது வேறு: தோற்றால் என்ன ஆகும்?

2019இல் சந்திரயான்-2இன் தரையிறங்கு கலமான விக்ரம் நிலவில் மோதி நொறுங்கியது. பொறியாளர்கள் தவற்றைத் தேடினார்கள், கால்களை வலுவாக்கினார்கள், எரிபொருளைக் கூட்டினார்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று புதிய விக்ரம் பத்திரமாக இறங்கியது. 2003இல் அமெரிக்காவின் கொலம்பியா விண்ணோடம் சிதறியபோது கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் போனார்கள். ஏழு வீட்டில் இழவு. விண்ணோடங்கள் இரண்டரை ஆண்டு பறக்கவில்லை. விண்வெளி நிலையத்தின் கட்டுமானம் நின்றது. ஹபிள் தொலைநோக்கியின் பழுதுபார்ப்பை முதலில் ரத்தே செய்துவிட்டார்கள், 2009இல்தான் அது நடந்தது. ஆள் ஏறிய கலம் விழுந்தால் அதோடு சேர்ந்து மற்ற வேலைகளும் விழுகின்றன.

சரி, ரேடார் எதற்கு? 2024 ஜூனில் இங்கே சிங்கப்பூரில் பாசிர் பாஞ்சாங் அருகே கப்பல்கள் மோதி ஏறக்குறைய 400 டன் எண்ணெய் கடலில் கலந்தது. ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் அலை விட்டுப்போன கோடு தார் பூசியதுபோல் கறுத்துக் கிடந்ததைப் பார்த்தேன். எண்ணெய் படர்ந்த இடத்தில் சிற்றலை அடங்கிவிடும், ரேடார் படத்தில் அது கறுப்புத் திட்டாகத் தெரியும். இரவானாலும் மேகம் மூடினாலும் தெரியும். நம் வானம் எத்தனை நாள் தெளிவாக இருக்கிறது, சொல்லுங்கள்! 2023இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய சிங்கப்பூரின் டெலியோஸ்-2, டிஎஸ்-சார் இரண்டுமே ரேடார் செயற்கைக்கோள்கள்தாம். குறையும் உண்டு. காற்று அடங்கிய கடலும் அதே கறுப்பாகத் தெரியும். இரண்டையும் பிரித்துச் சொல்வதில்தான் என் திட்டப்பணியில் பாதி நாள் போனது.

மனிதப் பயணப் பக்கம் நான் வேலை பார்த்ததில்லை, படித்ததை வைத்துத்தான் பேசுகிறேன். அப்போலோ வீரர்கள் 382 கிலோ நிலவுக் கல்லும் மண்ணும் கொண்டுவந்தார்கள். அந்தக் காலத்தில் சோவியத் தானியங்கிக் கலங்கள் மூன்று முறை போய்க் கொண்டுவந்தது மொத்தம் 300 கிராம் சொச்சம். தம்பி இதைச் சொன்னால் என்னிடம் பதில் இல்லை.

ககன்யானிலும் மனிதருக்கு முன்னால் அனுப்ப வைத்திருப்பது வியோமித்ரா என்ற ரோபோவைத்தான். சொன்னேன். “அதுக்கப்புறம் ஆள்தானே போவாங்க, அக்கா” என்றான்.

போகட்டும். வியோமித்ரா முழுசாகத் திரும்பி வந்த பிறகு.