சொந்த பிரிண்ட்எஃப்: பைட் எந்த வழியாக வெளியே போகட்டும்?

சி மொழியில் திரையில் அச்சிட உதவும் பிரிண்ட்எஃப் ஃபங்ஷனை நாமே எழுதிப் பார்க்கும்போது பெரும்பாலோர் %டி, %எக்ஸ், %எஸ் ஆகிய வடிவக் குறிகளில்தான் (எண், பதினறும எண், எழுத்துச்சரம்) முதலில் கை வைக்கிறார்கள். எனக்கு அதற்கு முந்தைய கேள்விதான் முக்கியம்: உருவான பைட் எந்த வழியாக வெளியே போகும்? மூன்று வழிகளில் எழுதிப் பார்த்தேன்.

முதல் வழி எளிது. ஒரு பைட் தயாரானதும் உடனே ரைட் அழைப்பு, அதாவது அதை எழுதச் சொல்லி இயங்குதளத்திடம் நேரடியாகக் கேட்பது. பைட் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போனால் பிரிண்ட்எஃப் திருப்பித் தர வேண்டிய மதிப்பும் கையில் இருக்கும். ஆனால் ‘வணக்கம்’ என்று அச்சிட்டுவிட்டு, இத்தகைய அழைப்புகளைப் பட்டியலிடும் எஸ்ட்ரேஸ் கருவியில் பாருங்கள். யுடிஎஃப்-8-இல் அது 21 பைட். 21 முறை இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குப் போய் வந்திருக்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. அதே நிரலில் சி நூலகத்தின் புட்ஸையும் (ஒரு வரியை அச்சிடும் ஃபங்ஷன்) கலந்து, வெளியீட்டைப் பைப் வழியாக வேறொரு நிரலுக்கு விட்டால் வரிசை மாறிவிடும். நம்முடையது உடனே போய்விடும், புட்ஸ் எழுதியது பஃபர் என்ற தற்காலிக நினைவிடத்தில் காத்திருக்கும்.

இரண்டாவது, ஃபங்ஷனுக்குள் 1024 பைட் பஃபர் வைத்து, நிரம்பும்போதும் முடிவிலும் மொத்தமாக எழுதுவது. ‘வணக்கம்’ ஒரே அழைப்பில் போய்விடும். புட்ஸோடு வரும் வரிசைச் சிக்கல் மட்டும் அப்படியே இருக்கும். ரைட் நாம் கேட்டதைவிடக் குறைவாக எழுதித் திரும்பலாம், அதனால் மிச்சத்தை அனுப்ப ஒரு லூப் வேண்டும். பஃபரை ஸ்டாடிக் ஆக்கி எல்லா அழைப்புக்கும் பொதுவாக்கிவிடாதீர்கள். நிரலுக்குள் இணையாக ஓடும் இரண்டு திரெட் ஒரே நேரத்தில் வந்தால் எழுத்துகள் கலந்துவிடும்.

மூன்றாவது வழியில், வடிவமைக்கும் பகுதிக்குப் பைட் எங்கே போகிறது என்றே தெரியாது. அனுப்பும் ஃபங்ஷனின் பாயின்டரை (அதன் முகவரியை) நாம் வெளியிலிருந்து கொடுக்கிறோம். அப்புறம், அளவு குறித்த நினைவிடத்துக்குள் எழுதும் எஸ்என்பிரிண்ட்எஃப்பை உருவாக்குவது சின்ன வேலை: இடம் தீர்ந்ததும் பைட்டை விட்டுவிட்டு எண்ணிக்கையை மட்டும் கூட்டும் ஃபங்ஷன் ஒன்று, கடைசியில் எழுத்துச்சரத்தின் முடிவைக் காட்டும் ஒரு நல் பைட். இடம் இருந்திருந்தால் எத்தனை பைட் வந்திருக்கும் என்பதைத்தான் சி மொழியின் சி99 தரநிலை திருப்பித் தரச் சொல்கிறது. ரைட்டே இல்லாத மைக்ரோகன்ட்ரோலரில் யுஏஆர்டி என்ற தொடர் இணைப்புக்கு அனுப்பவும் இதே நிரல் போதும். பைட்டுக்கு ஒரு பாயின்டர் அழைப்பு என்றால் மெதுவாகும்; முகவரியும் நீளமுமாகத் துண்டுகளாக அனுப்பினால் அந்தச் செலவு குறைந்துவிடும்.

என் தேர்வு மூன்றாவதுதான். ரைட்டுக்கு அனுப்பும் ஃபங்ஷனோடு இரண்டாம் வழியின் பஃபரை இணைத்துக்கொள்ளலாம்.

எந்த வழியானாலும், எண்ணிக்கை மாறும் ஆர்க்யுமென்ட்களைத் தாங்கும் விஏ_லிஸ்ட்டில் கவனம் வேண்டும். அதைத் துணை ஃபங்ஷனுக்கு நேரடியாக அனுப்பி அங்கே விஏ_ஆர்க் மூலம் அடுத்த ஆர்க்யுமென்ட்டை எடுத்தால், திரும்பி வந்தபின் அதை நம்ப முடியாது. 64-பிட் லினக்ஸ் கணினியில் சரியாக ஓடுவதுபோல் இருந்தது, 32-பிட்டுக்கு மாற்றியதும் அதே ஆர்க்யுமென்ட் இரண்டாம் முறை வந்து நின்றது. ஒரு மாலை முழுக்க %டி-யில் தவறு தேடினேன். இப்போது எண்ணிக்கையும் அனுப்பும் பாயின்டரும் இருக்கும் அதே ஸ்ட்ரக்டில் விஏ_லிஸ்ட்டையும் வைத்து, ஸ்ட்ரக்டின் முகவரியை மட்டும் அனுப்புகிறேன்.