கண்ணாடி முகப்பு இழுப்பறைகள்: மூன்று மழைக்காலம் கழித்து

ஒரு எம்3 நட்டு (3 மி.மீ. ஸ்க்ரூவுக்கானது) தேட நான்கு பிஸ்கட் டப்பாவைத் தரையில் கொட்டிக்கொண்டிருந்த எரிச்சலில்தான் இந்த 24 அறைப் பெட்டியைச் செய்தேன். வரிசைக்கு நான்கு வீதம் ஆறு வரிசை. உடம்பு 6 மி.மீ. பிளைவுட், முகப்பு 3 மி.மீ. அக்ரிலிக், அதாவது கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக். பெயர்ப்பலகை செய்யும் கடையில் கழித்துப் போட்ட துண்டுகள் எடைக்குக் கிடைத்தன. ரம்பம்கூட வேண்டாம், கத்தியால் ஏழெட்டு முறை ஆழமாகக் கீறி, மேசை விளிம்பில் வைத்து அழுத்தினால் நேராக உடைந்துவிடும்.

ஒட்டியதில்தான் சொதப்பினேன். நொடியில் பிடிக்கும் பசையைப் போட்டேன். மறுநாள் பார்த்தால் எட்டு முகப்பில் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. அந்தப் பசையின் ஆவி படிந்த வேலை. சரி, தின்னர் போட்டுத் துடைப்போம் என்றால் முடி போல மெல்லிய விரிசல்கள். எட்டும் போச்சு. அப்புறம் எல்லாவற்றுக்கும் ஸ்க்ரூ. அதையும் இறுக்கியதில் இரண்டு மூலை தெறித்தது. அக்ரிலிக் சூட்டில் மரத்தைவிட அதிகமாக விரியும். ஓட்டை ஸ்க்ரூவைவிடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும், கை இறுக்கமே போதும்.

முதல் ஐப்பசி மழையில் பிளைவுட் உப்பி, கீழ் வரிசை நான்கும் நகர மறுத்தன. பக்கத்துக்கு அரை மி.மீ.தான் இடைவெளி விட்டிருந்தேன். உப்புத்தாளால் தேய்த்து மெழுகுவர்த்தி தடவினேன். பிறகு தொல்லை இல்லை. முகப்பை இப்போது சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் மட்டுமே துடைக்கிறேன். காய்ந்த துணியால் தேய்த்தால் மின்னேற்றம் வந்து இருக்கிற தூசியெல்லாம் அதிலேயே ஒட்டும். அந்த மின்னேற்றம் ஐசிக்களை (மின்னணுச் சில்லுகளை) கெடுத்துவிடலாம் என்பதால் அவற்றை மின்னேற்றம் தடுக்கும் கவரோடுதான் உள்ளே வைக்கிறேன். அந்த அறைகளில் முகப்பு வழியாகக் கவர்தான் தெரியும்!

உள்ளே தெரிவதால் என்ன லாபம்? எது தீர்ந்துவருகிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே தெரிகிறது. ஆனால் 6 மி.மீ. நீள ஸ்க்ரூவும் 8 மி.மீ. நீள ஸ்க்ரூவும் வெளியிலிருந்து ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. ஆறே மாதத்தில் பெரும்பாலான அறைகளுக்குச் சீட்டு ஒட்ட வேண்டியதாயிற்று. "இதுக்கு எதுக்குங்க கண்ணாடி?" என்று மனைவி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

போன மாதம் அவளே தையல் பட்டன்களுக்கு ஒரு பெட்டி கேட்டாள். 12 அறை, பக்கத்துக்கு ஒன்றரை மி.மீ. விட்டுச் செய்துகொண்டிருக்கிறேன். பட்டனுக்குச் சீட்டு வேண்டாம், நிறமே சொல்லிவிடும்.