பெரிய டயர் போட்டு "மீட்டர் செட் பண்ணித் தர்றோம்"னு 6,500 ரூபா வாங்குனாங்க, டெல்டா பக்கம் பிக்கப் வச்சிருக்கவங்க படிங்க

நமக்கு மன்னார்குடி பக்கம். மஞ்ச போர்டு டபுள் கேபின் பிக்கப் ஒண்ணு ஓட்டுறேன், சொந்த வயல் வேலை போக உரக்கடை லோடு, விதைநெல்லுன்னு கிலோமீட்டர் கணக்குல வாடகைக்கும் போவும். தை மாசம் சம்பா அறுப்புல வயலுக்குள்ள எறங்கி களிமண்ணுல ரெண்டு தடவை மாட்டிக்கிச்சு, ரெண்டாவது தடவை இழுத்துவிட்ட டிராக்டர்காரரு "தம்பி, இந்த டயர வச்சிக்கிட்டு ஏன் உள்ள எறங்குற"ன்னு நாலு பேரு முன்னாடி கேட்டுட்டாரு. அதுக்கப்புறம் எனக்கு அது டயர் பிரச்சினை இல்ல, மானப் பிரச்சினை.

மறுநாளே தஞ்சாவூர்ல ஒரு டயர் கடை. பேரு வேணாம். வண்டிக்கு கம்பெனி குடுத்தது 245/70 ஆர்16. கடைக்காரரு அதவிட அகலமும் ஒசரமும் கூடுன 265/75 ஆர்16 போடுங்கண்ணே, யானை மாதிரி நிக்கும்னாரு. மீட்டர் தப்பா காட்டுமேன்னு நான்தான் கேட்டேன், அந்த அளவுக்கு விவரம் இருந்துச்சு, அதுக்கு மேல இல்ல. "அதெல்லாம் ஈசிஎம்ல, அதான் வண்டியோட கம்ப்யூட்டர்ல, போட்டு ரீகாலிபரேட் பண்ணிடலாம்ணே, தனியா 6,500 ஆவும், மத்த கடையில இத பண்ணவே தெரியாது"ன்னாரு. பழைய டயர் நாலையும் 8,000க்கு எக்சேஞ்சுல எடுத்துக்கிட்டாங்க.

ஒரு பையன் உள்ளங்கை அளவு பொட்டி ஒண்ண கொண்டாந்து ஸ்டீயரிங்குக்கு கீழ இருக்க சாக்கெட்ல சொருகி பத்து நிமிஷம் எதையோ தட்டுனான், அப்புறம் என்னையும் ஏத்திக்கிட்டு ரோட்டுல ஒரு ரவுண்டு, மீட்டர்ல 40 வச்சிட்டு போன்ல ஜிபிஎஸ் ஸ்பீட காட்டுனான், அதுல 41. "பாத்தீங்களா சார், செட் ஆயிடுச்சு"ன்னான். நானும் பணத்த ஜிபேல போட்டுட்டு சந்தோஷமா வந்துட்டேன்.

இந்த எடத்துலதான் நான் ஏமாந்தேன், அதனால இத நிதானமா சொல்றேன். கம்பெனிக்காரன் ஸ்பீடோமீட்டர எப்பவுமே நெசமான ஸ்பீட விட கொஞ்சம் கூட காட்டுற மாதிரிதான் செட் பண்ணி அனுப்புவான், ஏன்னா குறைச்சு காட்டக்கூடாதுன்னு விதியே இருக்கு. என் வண்டில முன்னாடி மீட்டர்ல 40ன்னா நெசத்துல 38 கிட்டதான் போயிட்டிருந்திருக்கும். டயர் பெருசானதும் ஒரு சுத்துக்கு கூட தூரம் போறதால அந்த 38 தானா 41 ஆயிடுச்சு. அதாவது அந்த பையன் ஒண்ணுமே பண்ணாம இருந்தாலும் போன்ல 41தான் வரும். கம்பெனி வச்ச தப்பும் டயர் வச்ச தப்பும் ஒண்ணுக்கொண்ணு கழிஞ்சு போனத எனக்கு டெமோவா காட்டியிருக்கானுங்க. ஆனா ஸ்பீடோமீட்டர் மாதிரி, ஓடுன தூரத்த எண்ணுற ஓடோமீட்டர கூட்டி வைக்க மாட்டாங்க, கிலோமீட்டர் ஓரளவு சரியாதான் எண்ணும், அதனால டயர் மாத்துன தப்பு முழுசா அங்கதான் வந்து உக்காரும். அத எவனும் ஒரு ரவுண்டுல காட்ட மாட்டான்.

எனக்கு இது தெரிய மூணு மாசம் ஆச்சு. மொதல்ல மைலேஜ் விழுந்த மாதிரி இருந்துச்சு, 12.5 குடுத்த வண்டி 10.8. அதே கடைக்கு போன் பண்ணா இன்ஜெக்டர் க்ளீன் பண்ணணும், 4,000 ஆவும்ங்கிறாங்க. நல்ல வேளை அப்ப கைல காசு இல்ல.

அப்புறம் ஒரு நாள் மச்சானும் நானும் ரெண்டு வண்டில லோடு ஏத்தி நாகப்பட்டினம் போயிட்டு வந்தோம், ஒரே ரூட், ஒரே எடத்துல டீ. ராத்திரி வாடகை கணக்கு எழுதும்போது அவன் வண்டில 118, என் வண்டில 110. "ஏன் மச்சான், குறுக்கு வழில பறந்து வந்தியா"ன்னு சிரிக்கிறான். எனக்கு சிரிப்பு வரல.

அடுத்த நாள் காலைல வெறும் வண்டிய எடுத்துக்கிட்டு திருவாரூர் நாகப்பட்டினம் ரோடு, தேசிய நெடுஞ்சாலை 83. மஞ்ச தலை கிலோமீட்டர் கல்லு ஒண்ணுகிட்ட நின்னு ட்ரிப் மீட்டர சைபர் பண்ணிட்டு, 20 கிலோமீட்டர் தள்ளி இருக்க கல்லு வரைக்கும் ஓட்டுனா 18.6தான் காட்டுது. ரோடு வேலைல கல்லு மாறியிருக்கலாமேன்னு போன்ல மேப்பயும் போட்டு பாத்தேன், அது கல்லோட ஒத்துப்போச்சு. திரும்பி வரும்போதும் அதே 18.6.

கும்பகோணத்துல தெரிஞ்ச மெக்கானிக் அண்ணன் ஒருத்தர்கிட்ட கொண்டுபோனேன். ஸ்கேனர் போட்டு பாத்துட்டு "உள்ள எவனும் கைய வைக்கல தம்பி, அவன் சொருகுனது வண்டில வர்ற ஃபால்ட் கோட படிச்சு அழிக்கிற பொட்டி, அதுல டயர் அளவெல்லாம் மாத்த முடியாது"ன்னுட்டாரு. அவரு சொல்லிக்குடுத்த கணக்கு இதுதான். வண்டிக்கு தூரம் தெரியாது, சுத்துறது மட்டுந்தான் சென்சாருக்கு தெரியும். ஒரு சுத்துக்கு இவ்ளோ தூரம்னு உள்ள ஒரு நம்பர் இருக்கும். பழைய டயர் ஒரு சுத்துக்கு கணக்குப்படி 2.35 மீட்டர், புதுசு 2.525 மீட்டர் (லோடு, காத்த பொறுத்து ரெண்டுமே கொஞ்சம் குறையும்). 7 சதவீதம் வித்தியாசம். தேஞ்ச டயருக்கும் புது டயருக்குமே ஒண்ணரை, ரெண்டு சதவீதம் வரும், அத யாரும் கண்டுக்கறதில்ல, ஆனா 7 வேற கதை.

அந்த நம்பர மாத்துறது பொய்யில்ல. சில வண்டில கம்பெனி ஸ்கேனர் வச்சு மாத்தலாம், சிலதுல அந்த மாடலுக்கு கம்பெனியே குடுக்குற அளவுகளுக்குள்ள மட்டுந்தான் மாத்தலாம், இன்னும் சிலதுல முடியவே முடியாது, நடுவுல சிக்னல திருத்துற சின்ன பாக்ஸ் ஒண்ணு வயர்ல சேக்கணும். கேபிள் போட்ட பழைய வண்டின்னா கியர்பாக்ஸ்ல இருக்க சின்ன பல்லுசக்கரத்த மாத்துவாங்க. என் வண்டிக்கு ஷோரூம் சர்வீஸ்ல கேட்டப்ப இந்த அளவு எங்க லிஸ்ட்லயே இல்லன்னு கைய விரிச்சுட்டாங்க.

மைலேஜ் விஷயமும் அப்பதான் வெளங்குச்சு. 10.8ன்னு நான் போட்ட கணக்கு நெசத்துல 11.6. பெரிய டயரால கொஞ்சம் குறைஞ்சது உண்மை, மீதி குறைஞ்ச மாதிரி தெரிஞ்சது மீட்டரால. இன்ஜெக்டர்ல ஒரு மண்ணும் இல்ல.

வாடகை நஷ்டம்தான் வயித்தெரிச்சல். மீட்டர்ல மாசம் 3,000 கிலோமீட்டர்னா நெசத்துல 3,200க்கு மேல ஓடியிருக்கேன். கிலோமீட்டருக்கு 22 ரூபா. மாசம் நாலாயிரத்து எழுநூறு, எண்ணூறு ரூபாய சும்மா ஊருக்கு தானம் பண்ணியிருக்கேன், மூணு மாசம். ஆயில் சர்வீசும் அதே மாதிரி தள்ளிப்போவும், மீட்டர்ல 10,000ன்னா வண்டி 10,700 ஓடியிருக்கும்.

இன்னும் ரெண்டு கொடுமை. ஸ்டெப்னிய பழைய அளவுலயே விட்டுட்டாங்க. பின்னாடி பஞ்சர் ஆகி அத மாட்டிக்கிட்டு லோடோட ஓட்டியிருந்தா ரெண்டு பக்கமும் வேற வேற வேகத்துல சுத்தி, பின் அச்சு நடுவுல இருக்க டிஃபரென்ஷியல் கியர் சூடாகியிருக்கும்னாரு கும்பகோணத்து அண்ணன். ரெண்டாவது, ஸ்டீயரிங்க முழுசா ஒடிச்சா டயர் உரசும்னு மட்கார்டு உள்பக்க பிளாஸ்டிக்க எங்கிட்ட கேக்காமலே கத்தி வச்சு அறுத்திருக்கானுங்க, கழுவும்போதுதான் பாத்தேன்.

கடைக்கு போய் கேட்டேன். மொத அரைமணி நேரம் "ஜிபிஎஸ்தான் தப்பு"ன்னாரு. கல்லு கணக்க சொன்னதும் "கல்ல நட்டவன் தப்பா நட்டிருப்பான்"ன்னாரு, நெசமா சொன்னாரு. என்கிட்ட இருந்தது ஜிஎஸ்டி பில் இல்ல, வெள்ள எஸ்டிமேட் சீட்டு, நல்ல வேளையா அதுல "ஈசிஎம் ப்ரோக்ராம் 6,500"ன்னு அவங்க கையெழுத்துலயே இருந்துச்சு, ஜிபே ரெக்கார்டும் இருந்துச்சு. 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல பதியுறேன், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் வரைக்கும் அங்க ஃபீஸே கிடையாதுன்னு சொன்னதும் கொரல் எறங்குச்சு. 4,000 திருப்பிக் குடுத்தாங்க. மீதி பையனோட கூலியாம்.

அடுத்து எஃப்சி, அதான் வண்டி தகுதிச் சான்று, வேற வருது. கம்பெனி குடுத்த அளவுக்கு மாறா வண்டிய மாத்தக்கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு சொல்லுது, ஆர்டிஓ ஆபீஸ்ல போய் நின்னு வாதாட எனக்கு தெம்பு இல்ல. அதனால அதே 245/70லயே ஆழமான பட்டன் வச்ச ஆல் டெரெய்ன் டயரா பாத்து நாலு போட்டுட்டேன், வேற கடைல, ஜிஎஸ்டி பில்லோட. போட்ட அன்னைக்கே கல்லுக்கு கல்லு ஓட்டி பாத்தேன், 20க்கு 19.9. வயல்ல எறங்குறதுக்கு முன்னாடி காத்த கொஞ்சம் எறக்கிட்டு, ரோடு ஏறுனதும் திருப்பி அடிச்சிக்கிறேன். இந்த தடவை டிராக்டர கூப்புடல.

அந்த பெரிய டயர் நாலும் விக்கிறதுக்கு இருக்கு. இப்போதைக்கு மாட்டுக்கொட்டகைல கெடக்கு, அப்பா அதுமேல பலகைய போட்டு தேங்கா காய வச்சிருக்காரு.